பாப்-அப் கேம்பரை விட்டு டிராவல் டிரெய்லருக்கு: எங்கள் ஹைலேண்டர் தாங்குமா?

12 ஜனவரி 2019, இரவு

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் 2014 டொயோட்டா ஹைலேண்டர் இருக்கிறது. வி6 இன்ஜின், டிரெய்லர் இழுப்பதற்கான டோ பேக்கேஜ் உண்டு. 5,000 பவுண்டு வரை இழுக்கலாம் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. ஐந்து வருடமாக அதன் பின்னால், கூரையைத் தூக்கினால் துணிச் சுவர் விரியும் ஒரு பழைய பாப்-அப் கேம்பரைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியா முழுக்கச் சுற்றியிருக்கிறோம். சாமானோடு சேர்த்து அது 2,300 பவுண்டுதான். பின்னால் ஒன்று வருகிறது என்பதே ஓட்டும்போது மறந்துபோகும்.

இப்போது சுவர் கெட்டியான 21 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். காலி எடை 3,900. 5,000-ல் அது போனால் இன்னும் 1,100 மிச்சம் இருக்கிறது. கடைக்காரரும் தாராளமாக இழுக்கும் என்றார்.

மாறுவதற்குக் காரணம் அம்மா. மே மாதம் சென்னையிலிருந்து வருகிறார், ஆறு மாதம் இருப்பார். 71 வயது, முழங்கால் வலி. பாப்-அப்பில் படுக்கை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இடுப்பு உயரத்துக்கு ஏறித்தான் படுக்க வேண்டும். 2016-ல் வந்தபோது பினக்கிள்ஸ் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள் இரவு இரண்டு மணிக்கு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு என்னோடு கழிப்பறைக்கு நடந்தார். மறுநாளிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். மூன்றாம் நாள்தான் அது என் கண்ணில் பட்டது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த வண்டிக்கு இந்த டிரெய்லர் சரியாக வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

13 ஜனவரி

பதில் போட்டவர்களில் நான்கு பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறீர்கள்: டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கரைப் படி என்று. ஐந்து வருடமாகத் திறந்து மூடுகிற கதவு, ஒருநாளும் படித்ததில்லை. காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,295 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எங்கள் வண்டியில் இருக்கிறது. இதுதான் பேலோட்.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள், அம்மா, எல்லாரும் சேர்ந்து 580. காருக்குள் வைக்கிற பைகளும் கூலரும் 150. காரையும் டிரெய்லரையும் இணைத்து எடையைப் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் என்ற கருவி 90. ஆக 820 போய்விட்டது, மிச்சம் 475. டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியின் மேல் உட்காரும் எடையும் இந்த 475-க்குள் அடங்க வேண்டும். அதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். டிரெய்லர் ஆடாமல் வரவேண்டுமானால் அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். எல்லாம் ஏற்றியபின் டிரெய்லர் 4,900 ஆகும் என்று வைத்தால், 13 சதவீதத்துக்கு 637 பவுண்டு வருகிறது. ஹைலேண்டர் கொக்கியின் வரம்போ 500.

அப்படியானால் 5,000 என்ற எண்ணை நாங்கள் எட்டும் முன்பே இரண்டு இடத்தில் வரம்பைத் தாண்டிவிடுகிறோம். நேற்று போட்ட கழித்தல் கணக்கு தப்பு. யாராவது இந்த இழையை மேலே மட்டும் படித்துவிட்டுப் போய்விடப் போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து கீழே வரை படியுங்கள்.

14 ஜனவரி

ஒரு சின்னச் சேர்க்கை. காலி எடை என்றால் உண்மையிலேயே காலி. பேட்டரி, கேஸ் சிலிண்டரில் கேஸ், தண்ணீர், பாத்திரம், போர்வை எதுவும் அதில் சேராது. ஒரு கேலன் தண்ணீர் மட்டுமே 8.3 பவுண்டு. 30 கேலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு ஏறிவிடும். எங்களைப் போன்ற குடும்பம் அரிசி, மாவு, குக்கர் என்று ஏற்றினால் காலி எடைக்கு மேல் ஆயிரம் பவுண்டு சாதாரணமாகச் சேரும். வாங்கும் முன் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். ஏற்றியபின் டிரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பது அது. நான் பார்த்த டிரெய்லரில் 5,500.

20 ஜனவரி

வண்டியை மாற்றாமல் டிரெய்லரைச் சின்னதாக எடுங்கள் என்று மினசோட்டா நண்பர் எழுதியிருந்தார். நியாயமான யோசனை. நேற்று போய் 16 அடியில் ஒன்று பார்த்தோம். மொத்தமே 3,500-க்குள் அடங்கும், ஹைலேண்டருக்குப் பொருந்தும். ஆனால் குளியலும் கழிப்பறையும் ஒரே அறை. ஒருவர் குளித்தால் உட்காரும் இடம், தரை எல்லாம் ஈரம். அம்மா இரவில் அந்த ஈரத்தில் கால் வைப்பதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதோடு மேசையை மடித்துத்தான் இரண்டாவது படுக்கை போட வேண்டும், ஐந்து பேர் படுக்க இடமில்லை. இரண்டு பேருக்கோ கைக்குழந்தையோடு மூன்று பேருக்கோ நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். வண்டிக்கு ஏற்ற டிரெய்லர் என்பதே பாதி நிம்மதி.

9 பிப்ரவரி

பிக்கப் டிரக் வாங்கிவிட்டோம். பழைய வண்டிதான், 2015 ஃபோர்ட் எஃப்-150, 3.5 எக்கோபூஸ்ட் இன்ஜின். ஹைலேண்டரைக் கொடுத்துவிட்டோம். எனக்கு அதில் வருத்தம்தான். சின்னவனை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் கொண்டுவந்தோம்.

வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஃப்-150 நின்றன. அதே வருடம், அதே இன்ஜின். ஒன்றின் கதவில் 1,340, இன்னொன்றில் 1,620. முதல் வண்டியில் கண்ணாடிக் கூரை, மின்சாரப் படிக்கட்டு, தோல் இருக்கை என்று எல்லாமே இருந்தன. அந்த வசதி ஒவ்வொன்றும் பேலோடிலிருந்துதான் கழிகிறது. விளம்பரத்தில் போடும் எண்ணை நம்பாதீர்கள், எந்த வண்டியை வாங்குகிறீர்களோ அதன் கதவைத் திறந்து பாருங்கள். நாங்கள் 1,620-ஐ எடுத்தோம்.

கொக்கியிலும் தனியாக ஒரு ஸ்டிக்கர் உண்டு, குனிந்து பார்க்க வேண்டும். எங்களுடையதில் டிரெய்லரின் மூக்கைக் கொக்கியின் இரும்புப் பந்தில் மட்டும் மாட்டினால் டிரெய்லர் 5,000, மூக்கில் 500 என்று போட்டிருக்கிறது. எடையைப் பகிரும் ஹிட்ச் போட்டால்தான் அதற்கு மேல் அனுமதி. பெரிய டிரக் வாங்கியாச்சு, இனி அந்த ஹிட்ச் எதற்கு என்று கேட்ட தம்பிக்கு இதுதான் பதில்.

24 பிப்ரவரி

புதிய டிரெய்லர் வேண்டாம் என்று முடிவெடுத்துப் பழையவற்றைப் பார்த்து வருகிறோம். இன்று பார்த்தது வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே நுழைந்ததும் பழைய துணி மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த வாசம். முன் பக்கப் படுக்கையைத் தூக்கி மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவர் ஈர ரொட்டி போல உள்ளே போனது, விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கூரையில் எங்கோ ஓரத்தில் பசை விட்டிருக்கிறது. எத்தனை மழை இறங்கியதோ.

துணி கூடாரத்தில் ஈரம் கண்ணுக்குத் தெரியும். இதில் சுவருக்குள் ஒளிந்துகொள்கிறது. ஜன்னலுக்குக் கீழே, மேல் மூலைகளில், அலமாரிக்குள், கதவோரத் தரையில் எல்லாம் அழுத்திப் பாருங்கள். விற்பவர் ஏதாவது நினைப்பார் என்று தயங்க வேண்டாம். வாங்கிய பிறகும் கூரையில் ஏறிப் பசையைப் பார்க்கும் வேலை வருடத்தில் இரண்டு மூன்று தடவை இருக்கும்.

10 மார்ச்

கிடைத்துவிட்டது. 2016 மாடல், 21 அடி, வயதான தம்பதியிடமிருந்து. ஜனவரியில் பார்த்த அதே அளவு: காலி 3,900, அதிகபட்சம் 5,500. மூலையெல்லாம் கெட்டியாக இருந்தது. அந்தப் பெரியவர் கூரைக்கு எப்போது பசை வைத்தார் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தார், அதையும் கொடுத்தார்.

டயரில் 4815 என்று இருந்தது. 2015-ன் 48-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிட வேண்டும், மேல்பாகம் புதிதுபோல இருந்தாலும்.

நீளம் பற்றிக் கேட்டவருக்கு: மாடல் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பல மாடல்களில் அது பெட்டியின் நீளம் மட்டும்தான். மூக்கிலிருந்து பின் பம்பர் வரை டேப் வைத்து அளங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லருக்கு 24 அடிதான் உச்சம். எங்களுக்கு அந்த 24-தான் மேல் கோடு.

17 மார்ச்

முதல் முறை இழுத்தோம். கல்லூரி ஒன்றின் காலி வாகன நிறுத்தத்தில் மூன்று மணி நேரம்.

பாப்-அப்பில் பிரேக் பற்றி நான் யோசித்ததே இல்லை, காரின் பிரேக்கே போதுமென்று தோன்றும். இதில் டிரெய்லருக்குத் தனியாக மின்சார பிரேக். டிரக்கில் இருக்கும் பிரேக் கண்ட்ரோலர் அதை இயக்குகிறது. 25 மைல் வேகத்தில் நேராகப் போய், கண்ட்ரோலரின் நெம்புகோலை மட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். யாரோ பின்னால் சட்டையைப் பிடித்து இழுப்பது போல உணர வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிடக் கூடாது. அந்த அளவு வரும் வரை கண்ட்ரோலரின் அளவை ஏற்றி இறக்கினோம்.

பின்னால் எடுப்பதற்கு ஒரே பாடம்: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. எனக்கு ஆச்சரியம், பாப்-அப்பைவிட இது சுலபம்! குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கிவிடும், நீளமானது நிதானமாகத் திரும்பும், திருத்த நேரம் கிடைக்கிறது. ஆனால் பாப்-அப்பைக் கழற்றி இரண்டு பேர் கையால் தள்ளி நிறுத்திவிடலாம். அந்தச் சலுகை இனி இல்லை.

சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும், மூக்கு கழன்றாலும் தொட்டில்போல் தாங்கும். பிரேக்கை இழுக்கும் அவசரக் கம்பியையும் சங்கிலியோடே கோர்த்துவிட்டோம்.

18 மார்ச்

நேற்று கடைசி வரியில் எழுதியது தவறு, திருத்துகிறேன். அவசரக் கம்பியைச் சங்கிலியில் கோர்க்கக் கூடாது. சங்கிலி பிய்ந்து போகும் அளவுக்கு ஏதாவது நடந்தால் அதோடு கம்பியும் போய்விடும், டிரெய்லர் தானாக பிரேக் போடாது. டிரக்கின் சட்டத்தில் தனியாக மாட்ட வேண்டும். சொன்ன டெக்சாஸ் அண்ணனுக்கு நன்றி. மாற்றிவிட்டேன்.

இன்னொன்று. சக்கரத்தின் நட்டுகளை முதல் 50 மைல் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

15 ஏப்ரல், காலை 7.09

கிடைத்தது! அப்பர் பைன்ஸ், செப்டம்பர் 13 முதல் நான்கு இரவு. ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதி காலை சரியாக 7 மணிக்கு, ஐந்து மாதம் வரை முன்கூட்டி, ஒரு மாத நாள்களுக்கு முன்பதிவு திறப்பார்கள், சில நிமிடத்தில் காலியாகிவிடும். நானும் கணவரும் பெரியவளும் மூன்று கணினியில் உட்கார்ந்தோம். அவளுக்குத்தான் விழுந்தது.

28 ஏப்ரல்

இன்னும் கை லேசாக நடுங்குகிறது. எழுதிவிட்டால் சரியாகும்.

நேற்று மாலை ஆல்டமான்ட் கணவாய். காற்றாலைகள் நிற்கும் அந்த மேடு, ஐ-580 நெடுஞ்சாலை. சைக்கிள் நான்கையும் டிரெய்லரின் பின் பம்பரில் மாட்டியிருந்தோம். தண்ணீர்த் தொட்டி நிறைய இருந்தது, எங்கள் டிரெய்லரில் அது பின்பக்கப் படுக்கைக்குக் கீழே. இறக்கத்தில் பக்கக் காற்று அடிக்க, ஒரு பெரிய லாரி தாண்டிப் போனது. கண்ணாடியில் பார்த்தேன்: டிரெய்லர் வாலாட்டியது. இடது, வலது, மறுபடி இடது. ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கொஞ்சம் அகலம். டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. பின் சீட்டில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. போடக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கண்ட்ரோலரின் நெம்புகோலால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும். காலி மைதானத்தில் பழகியது அந்த நேரத்தில் கைக்கு வந்தது. நாலைந்து ஆட்டத்தில் அடங்கியது. 55-ல்தான் போய்க்கொண்டிருந்தேன், கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் அதுதான் சட்டப்படி உச்ச வேகம். 65-ல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

29 ஏப்ரல்

காரணம் தெரிந்துவிட்டது. திரும்பும் வழியில் லாரிகள் நிற்கும் இடத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடை மேடையில், சைக்கிள், தண்ணீர் எதையும் இறக்காமல் எடை போட்டோம். சில டாலர்தான். முதலில் ஹிட்ச் கம்பிகளைத் தளர்த்திவிட்டு டிரக்கும் டிரெய்லருமாக ஏற வேண்டும், அப்புறம் டிரெய்லரை ஓரமாக விட்டுவிட்டு டிரக் மட்டும். டிரக்கின் அச்சுகள் முதல் தடவை காட்டிய எடையில் இரண்டாம் தடவை காட்டியதைக் கழித்தால் மூக்கின் எடை.

டிரெய்லர் 5,340. மூக்கில் வெறும் 430, அதாவது எட்டு சதவீதம். சைக்கிளும் அதன் தாங்கியும் சேர்ந்து 130 பவுண்டு கடைசிக் கோடியில் தொங்குகிறது, 250 பவுண்டு தண்ணீரும் அச்சுக்குப் பின்னால். பின்புறம் கனத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், மூக்கு லேசானால் வால் ஆடும். அவ்வளவுதான் விஷயம்.

தொட்டியைக் காலி செய்து, சைக்கிளை டிரக்கின் படுகையில் போட்டு மறுபடி எடை பார்த்தோம். டிரெய்லர் 4,960, மூக்கு 630. பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். வீட்டுக்கு வரும்போது அதே மேட்டில் அதே காற்று, அசையவில்லை.

ஆனால் இப்போது பேலோடைப் பாருங்கள். அம்மாவோடு 580, பைகள் 150, ஹிட்ச் 90, சைக்கிள் 130, மூக்கு 630. மொத்தம் 1,580. பெரிய டிரக் என்று வாங்கியும் 40 பவுண்டுதான் மிச்சம். அதனால் பெரியவர்கள் சைக்கிள் இரண்டும் இனி வீட்டில்.

9 ஜூன்

அம்மா வந்துவிட்டார். முதல் பயணம் மறுபடி பினக்கிள்ஸ்தான். நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். வெயில் கொளுத்துகிற மாதம், ஆனால் அங்கே மின் இணைப்பு உள்ள இடங்கள் உண்டு, ஏ.சி. ஓடும். மைக்ரோவேவையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும், ஒன்று மாற்றி ஒன்றுதான்.

முதல் மாலை அம்மா கடுகு, மிளகாய் வற்றல் தாளித்ததும் புகை அலாரம் அலறியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். கூரை விசிறியைப் போட்டு, இரண்டு ஜன்னலைத் திறந்தபிறகுதான் நின்றது. மறுநாளிலிருந்து தாளிப்பு வெளியே, மேசை மேல், ஒற்றை அடுப்பில். அலாரத்தைக் கழற்றிவிடலாமே என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். கேஸ் அடுப்பும் ஹீட்டரும் உள்ள சின்னப் பெட்டிக்குள் ஐந்து பேர் தூங்குகிறோம்.

இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்தார். நானும் விழித்துக்கொண்டேன், ஆனால் எழவில்லை. ஆறு தப்படி, விளக்கு, கதவு, தண்ணீர்ச் சத்தம், மறுபடி ஆறு தப்படி. காலையில் முழு டம்ளர் காபி குடித்தார். அதற்குமேல் இன்னொரு டம்ளர் தண்ணீரும்.

23 ஜூன்

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இணைப்பு இல்லாத இடத்தில் 30 கேலன் எத்தனை நாள் வரும் என்று. எங்கள் முதல் பயணங்களில் ஒன்றரை நாள்கூட வரவில்லை. அதற்கும் முன்பே கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி நிரம்பி, குளியல் தொட்டியில் எதிர்த்து வந்தது.

இப்போது மூன்று நாள் வருகிறது, அம்மாவால். அவர் கிளம்பி வந்தபோதே நங்கநல்லூரில் லாரித் தண்ணீருக்கு முன்பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஏரிகள் வறண்டு சென்னை இப்போது படும் பாட்டைச் செய்தியில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா பாத்திரம் தேய்த்து முடித்தபின் ஒரே சொம்புத் தண்ணீரில் தட்டிலிருந்து தட்டுக்கு வழித்து ஊற்றி ஐந்தையும் அலசிவிடுகிறார். காய்கறி கழுவிய தண்ணீர் வாளியில் சேர்ந்து கழிப்பறைக்குப் போகிறது. பெரியவள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். பல் தேய்க்கும்போது குழாயை மூடு என்று நான் பத்து வருடம் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பாட்டி ஒரு தடவையும் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்புத் தொட்டிக்கு ஒரே விதி: இணைப்பு உள்ள இடத்திலும் அதன் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். நீர் ஓடிவிடும், மற்றது கூம்பாக இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பியபின் திறங்கள். முதலில் கறுப்பு, அப்புறம் கழுவிய தண்ணீர் சேரும் சாம்பல் தொட்டி, அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும்.

4 ஆகஸ்ட்

செலவைப் பற்றி நேர்மையாக எழுதுங்கள் அக்கா என்று கேட்டவருக்கு. பாப்-அப்பை இழுத்தபோது கேலனுக்கு 17 மைல் கிடைத்தது. இப்போது 10, எதிர்க்காற்றில் 9. எடையைவிடக் காற்றுதான் தின்கிறது. பாப்-அப் மூடினால் நெஞ்சு உயரம், இதுவோ ஓடும் சுவர்.

பாப்-அப் எங்கள் கராஜுக்குள் நுழைந்துவிடும். டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்த எங்கள் குடியிருப்புச் சங்கம் அனுமதிப்பதில்லை. மாதம் 145 டாலர் கொடுத்து ஒரு யார்டில் நிறுத்துகிறோம். சும்மா நிற்கும் மாதத்துக்கும் அதே 145. வெள்ளிக்கிழமை மாலை நினைத்தவுடன் கிளம்பும் பழக்கம் போய்விட்டது. முதலில் யார்டு, அப்புறம் சாமான், அப்புறம்தான் பயணம். வருடத்துக்கு மூன்று தடவைதான் போவீர்கள் என்றால், வயதானவர்கள் கூட இல்லை என்றால், பாப்-அப்பிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

அதன் மறுபக்கமும் உண்டு. மழையில் நனைந்த கேன்வாஸை மடித்துக்கொண்டு வந்து, திங்கள் இரவு வேலை முடிந்து வந்தபின் கராஜ் வாசலில் விரித்து, விசிறி வைத்துக் காயப்போட்ட நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. இரண்டு நாள் விட்டால் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும். அது இனி இல்லை.

17 செப்டம்பர்

யோசெமிட்டியிலிருந்து இன்றுதான் திரும்பினோம்.

120-ம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு: மொக்கசினைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். பழைய பிரீஸ்ட் கிரேடு இரண்டு மைலுக்குள் 1,500 அடிக்கு மேல் ஏறும். டிரெய்லரோடு அதில் போகாதீர்கள், வரைபடச் செயலி அது கிட்ட என்று காட்டினாலும். புதிய கிரேடு வளைந்து வளைந்து மெதுவாக ஏறும். ஒதுங்க இடம் கிடைத்த போதெல்லாம் ஒதுங்கிப் பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட்டேன். இறங்கும்போது டிரான்ஸ்மிஷனைச் சுமை இழுப்பதற்கான டோ-ஹால் நிலையில் வைத்து, கியரே வண்டியைப் பிடிக்கும்படி விட்டேன். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வந்தால் சூடேறி அது பிடிப்பு விட்டுவிடும்.

கரடிக்காக அங்கே ஒவ்வொரு இடத்திலும் இரும்புப் பெட்டி உண்டு. பாப்-அப்பில் போனபோது பற்பசை முதற்கொண்டு எல்லாவற்றையும் அதில் வைத்துப் பூட்டினோம், துணிச் சுவர் கூடாரக் கணக்குதான். சுவர் கெட்டியான டிரெய்லரில் ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருந்தால் சாப்பாட்டைக் கண்ணில் படாமல் உள்ளேயே வைக்கலாம். யெல்லோஸ்டோன் பூங்காவின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் இதைவிடக் கண்டிப்பு. கிரிஸ்லி கரடி நடமாட்டத்தால் துணி வைத்த எதையும் உள்ளே விடுவதில்லை, பாப்-அப்பையும் சேர்த்து. 2017-ல் அந்த ஒரு காரணத்தால் அங்கே தங்க முடியவில்லை. அடுத்த கோடையில் போக வேண்டும்.

இரண்டாம் இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே இடத்தில், நாலு சைட் தள்ளி, 2015-ல் பாப்-அப்பில் படுத்திருக்கிறோம். அன்று தலைமாட்டிலேயே ஆறு ஓடியது போல இருந்தது. பைன் ஊசி கேன்வாஸில் விழும் சத்தம், பக்கத்துக் கூடாரக் குழந்தையின் இருமல், எல்லாம் கேட்டது. குளிரில் துணி விறைத்து, விடியும்போது ஒளி மஞ்சளாக உள்ளே இறங்கும். இப்போது ஹீட்டரின் விசிறி மட்டும் கேட்கிறது. எழுந்து வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தேன், அங்கிருந்து ஆறு கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாவும் சால்வையோடு வந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இரண்டு படி இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்தார். "என்ன நட்சத்திரம்டி" என்றார். நாங்கள் ஒரு மணி நேரம் பேசியிருப்போம். நங்கநல்லூர் மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்த கதையெல்லாம் வந்தது.

இழந்தது உண்டு என்பதை எழுதாமல் விட்டால் இந்த இழை முழுமையாக இருக்காது. அதனால்தான் எழுதினேன்.

6 அக்டோபர்

பாப்-அப்பை விற்றுவிட்டோம். பலர் கேட்டிருந்தீர்கள், இங்கே கேட்டவர்களிடம் மன்னிப்பு, முதலில் நேரில் வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். டிரேசியிலிருந்து ஒரு இளம் தம்பதி, நான்கு வயதுப் பெண் குழந்தையோடு. அவர்களிடம் மினிவேன், வரம்பு 3,500. நான் முதலில் கதவைத் திறக்கச் சொல்லி ஸ்டிக்கரைப் படித்தேன். பொருந்துகிறது.

கூரையை ஏற்றிக் காட்டினோம். 34 சுற்று. ஒவ்வொரு பயணத்திலும் பெரியவள்தான் எண்ணுவாள், 34-க்கு மேல் ஒரு சுற்று சுற்றினாலும் கேபிள் இழுபட்டுவிடும் என்று கதவுக்கு உள்பக்கம் மார்க்கரில் எழுதியும் வைத்திருந்தாள். அந்தக் குட்டிப் பெண் பத்தொன்பது வரை எண்ணினாள், அதற்குப்பின் பெரியவள் சொல்லிக் கொடுத்தாள். இறக்கி, பூட்டி, அவர்கள் கட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்பும் வரை நின்று பார்த்தோம்.

இப்போது கராஜைப் பெருக்கும்போது சுவரில் பார்த்தால், கிராங்க் கைப்பிடி ஆணியிலேயே தொங்குகிறது. அது இல்லாமல் கூரை எழும்பாது. போன் செய்துவிட்டேன். நாளை வேலை முடிந்ததும் டிரேசிக்குக் கிளம்ப வேண்டும், பெரியவளும் வருகிறேன் என்கிறாள்.